மஞ்சள் பக்கங்களும் ஒரு குப்பியும்

போன வருடம் ஜூன் மாதம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு. வெளியே கச்சான் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. யன்னலைத் திறந்தால் தாள் பறக்கும், பூட்டினால் ஆள் அவியும். பாதி திறந்து வைத்தோம். தாளும் பறந்தது, ஆட்களும் அவிந்தோம். முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தியின் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று அவளுடைய போட்டோகொப்பியைப் பார்த்தேன். பொருளியல் புத்தகத்தின் ஓர் அத்தியாயம். முதல் பக்கம் முழுக்க மஞ்சள். தலைப்பு மஞ்சள், வரைவிலக்கணம் மஞ்சள், உதாரணம் மஞ்சள். அடியில் கிடந்த பக்க எண்ணைக்கூட ஹைலைட்டர் விட்டுவைக்கவில்லை.

"இதில எது பிள்ளை முக்கியம்?" என்று கேட்டேன்.

"எல்லாம் மிஸ்."

"சரி, என்ன சொல்லியிருக்கு?"

தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். "மூணு தரம் வாசிச்சன் மிஸ். விளங்கல்ல."

மஞ்சளுக்கு மேலே பென்சிலால் பொடி எழுத்தில் தமிழும் இருந்தது. ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் தலையிலும் போனில் தேடி எடுத்த ஒரு தமிழ்ச் சொல். 'டிமாண்ட்' வரும் இடமெல்லாம் 'கோரிக்கை'. வட்டி என்று வர வேண்டிய 'இன்ட்ரஸ்ட்' என்பதற்கு 'ஆர்வம்'. ஆக அந்தப் பக்கத்தின்படி மத்திய வங்கி ஆர்வத்தைக் கூட்டினால் மக்கள் கடன் வாங்குவது குறையும். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. இந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான உயர்தரத்தில் பொருளியலுக்கு ஏ எடுத்தவள், தமிழ் மொழி மூலம்.

"கேள்வி விதி என்ன?" என்று கேட்டுப் பார்த்தேன். ஏனையவை மாறாதிருக்க, விலை கூடினால் கேள்வித் தொகை குறையும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். வளைகோடு ஏன் இடமிருந்து வலமாகக் கீழ்நோக்கிச் சரிகிறது என்றும் சொன்னாள்.

"அந்தக் கேள்விதான் பிள்ளை இந்த டிமாண்ட்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுவா மிஸ் இது?" என்றாள்.

(தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு: எங்கள் பாடப் புத்தகத்தில் கேள்வி, நிரம்பல் என்று இருப்பது உங்களிடம் தேவை, அளிப்பு. எங்கள் அமையச் செலவு உங்கள் வாய்ப்புச் செலவு. ஒரே தமிழுக்குள்ளேயே இத்தனை கதவுகள்.)

"அதுவா இது?" என்ற அந்தக் கேள்வியைத்தான் பல நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். திருகோணமலையில் பதினான்கு வருடமாக, வணிகம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். நகரத்துப் பிள்ளைகள், மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய், இன்னும் தூரத்து மாவட்டங்களிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்குபவர்கள். எல்லோரும் பதின்மூன்று வருடம் தாய்மொழியில் படித்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் எழுநூறு பக்க ஆங்கிலப் புத்தகத்துக்கு முன்னால் உட்காருகிறார்கள். அவர்களுக்கு இலக்கணம் போதாது என்றுதான் நானும் முதலில் நம்பினேன். பாஸிவ் வொய்ஸ் சொல்லிக் கொடுத்தால் புத்தகம் தானாகத் திறக்கும் என்று நினைத்தேன். திறக்கவில்லை.

பிறகு வாசிப்பு உத்திகள் பக்கம் திரும்பினேன். அதிலும் முதலில் கோட்டை விட்டது நான்தான். 1940களில் ஒஹாயோ அரச பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ் ரொபின்சன் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களுக்கென்று ஒரு முறையை வகுத்தார். எஸ்கியூ த்ரீ ஆர் என்பார்கள். முதலில் மேலோட்டமாகப் பார், தலைப்புகளைக் கேள்விகளாக மாற்று, வாசி, பார்க்காமல் சொல், மீட்டு. அருமையான முறை, இன்றைக்கும் அதில் குறை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. நான் என்ன செய்தேன் என்றால், அதை ஒரு பக்க டியூட்டாக அடித்து எல்லோருக்கும் கொடுத்தேன். பரீட்சையில் "வாசிப்பின் ஐந்து படிமுறைகளை விளக்குக" என்று கேள்வியும் போட்டேன். அத்தனை பேரும் ஐந்தையும் வரிசை பிசகாமல் எழுதியிருந்தார்கள். சிலர் ரொபின்சனின் பெயரை இரண்டு தடவை கோடிட்டும் இருந்தார்கள். அடுத்த கேள்வி, அவர்கள் முன்பு பார்த்திராத ஒரு பந்தி. அங்கே ஒருவர்கூட அந்த ஐந்தில் ஒன்றையாவது செய்து பார்த்த அடையாளம் இல்லை. வாசிப்பது எப்படி என்பதையும் அவர்கள் மனப்பாடம் செய்துவிட்டார்கள்! அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மனப்பாடம் செய்யத் தக்க வடிவத்தில் கொடுத்தது யார்?

அதற்குப் பிறகு உத்தி என்ற சொல்லையே வகுப்பில் எடுப்பதை விட்டுவிட்டேன். ஒரு நாள் இப்படி ஒரு பந்தியை எழுதிப் போட்டேன், தமிழில்தான்:

"சூடு முக்கியம், ஆனால் கை பொறுக்க வேண்டும். ஈரம் கூடினால் ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் சேராது. பெரிய கட்டிகளைச் சிறியனவாக்க வேண்டும், அவசரப்பட்டால் மறுபடி கட்டியாகும். இரண்டு பொருட்களையும் மாறி மாறி இடலாம், ஒன்றாகக் கலந்தும் இடலாம், இதில் குடும்பத்துக்குக் குடும்பம் கொள்கை வேறு. மேலே அடையாளம் தெரிந்ததும் நிறுத்தலாம். தாமதித்தால் சுவையில் தெரியும்."

வாசித்துவிட்டு, என்ன நினைவிருக்கிறது என்று எழுதச் சொன்னேன். சொல் ஒவ்வொன்றும் தெரிந்த சொல். ஆனாலும் இரண்டு வரிக்கு மேல் யாராலும் எழுத முடியவில்லை. ஒரு தம்பி கொல்லன் பட்டறை என்றான், இன்னொருவர் சீமெந்து குழைப்பது என்றார். பிறகு பலகையில் தலைப்பை எழுதினேன்: பிட்டு அவித்தல். வகுப்பே சிரித்தது. "மாவும் தேங்காய்ப்பூவும் மிஸ்!" என்று பின்வாங்கில் ஒரு குரல். மேலே வரும் அடையாளம் ஆவி.

இது என் சொந்த யோசனை இல்லை. 1972இல் ஜோன் பிரான்ஸ்போர்ட், மார்சியா ஜோன்சன் என்ற இருவர் இதே மாதிரி, உடுப்புத் துவைப்பதைப் பற்றி, தலைப்பில்லாத பந்தி ஒன்றை வைத்துச் செய்த ஆய்வு புகழ்பெற்றது. தலைப்பை முன்கூட்டியே தெரிந்துகொண்டு கேட்டவர்களுக்கு நன்றாக விளங்கியது, நினைவிலும் நின்றது. அதில் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் வேறு. பந்தியைக் கேட்டு முடித்த பிறகு தலைப்பைச் சொன்னால் பெரிதாகப் பயனில்லை. தலைப்பே தெரியாதவர்களுக்கும் அவர்களுக்கும் அதிக வித்தியாசமில்லை. அதாவது எதைப் பற்றிய பேச்சு என்பது வாசிக்கத் தொடங்குமுன் தலையில் இருக்க வேண்டும், பிறகு வந்து ஒட்டாது. பிட்டு மாவுக்குத் தண்ணீர் போலத்தான், ஆறிய பிறகு ஊற்றினால் சேராது.

ஆகவே இப்போது என் வகுப்பில் அத்தியாயத்தைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். தலைப்பையும் உபதலைப்புகளையும் வரைபடங்களையும் மட்டும் பார்க்க வேண்டும், பிறகு இதைப் பற்றி உயர்தரத்தில் என்ன படித்தோம் என்று ஒரு வெற்றுத் தாளில் தமிழில் எழுத வேண்டும். சிங்களப் பிள்ளைகள் சிங்களத்தில் எழுதுவார்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க அரைகுறை. அதனால் அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்பது அவர்களுக்குள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு அத்தியாயத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகளை வாசிக்கச் சொல்வேன். முதல் தடவை இதைச் சொன்னபோது மூதூர்த் தம்பி ஒருவர் எழுந்து, "மிஸ், கேள்வியை முதல்ல பார்த்தா அது கொப்பியடிக்கிற மாதிரி இல்லையா?" என்று கேட்டார். எவ்வளவு நேர்மையான கேள்வி! பதின்மூன்று வருடமாக, புத்தகம் என்றால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வரிசையாக நடக்க வேண்டிய பாதை என்று நாங்கள் பழக்கியிருக்கிறோம். இடையில் குறுக்கால் போவது களவு.

ஹைலைட்டருக்கு வருகிறேன். அதைத் தடை செய்யவில்லை. தடை செய்தால் மேசைக்குக் கீழே வைத்துப் பூசுவார்கள். ஒரு விதி மட்டும் போட்டேன்: ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு வரி. அதுவும் பக்கத்தை முழுவதுமாக வாசித்த பிறகு, இரண்டு பேர் சேர்ந்து முடிவு செய்த பிறகு. இதனால் வந்த சண்டைகளைச் சொல்லி முடியாது. வரைவிலக்கணத்துக்குத்தான் பூச வேண்டும் என்று ஒருத்தி, இல்லை அதற்கு அடுத்த வரியில்தான் விதிவிலக்கு இருக்கிறது என்று மற்றவள். அந்தச் சண்டையின்போது இருவரும் பக்கத்தை நான்கு தடவை திரும்பிப் பார்க்கிறார்கள். வாசி வாசி என்று நான் கத்தியிருந்தால் ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

(போட்டோகொப்பி பற்றி ஒரு சின்னக் கதை. ஒரு நாள் பிரெட்றிக் கோட்டை வாசலில் பையைத் திறந்து வைத்துவிட்டு அக்காவுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நிற்கும் மான்களை அறிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. வகுப்புக்கென்று எடுத்த அத்தியாயத்தில் இரண்டு பக்கம் போய்விட்டது. என் மாணவர்களில் எவரும் அவ்வளவு முழுமையாக அதை உட்கொண்டதில்லை.)

சொற்களைவிடப் பெரிய தொல்லை வாக்கியம். இதை விளங்கிக்கொள்ள எனக்கே வருடங்கள் பிடித்தன. தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து நிற்கும். அடைமொழியும் எச்சமும் எவ்வளவு வந்தாலும் பொறுமையாகக் காத்திருந்தால், முடிவில் யார் என்ன செய்தார் என்பது கையில் கிடைக்கும். எங்கள் பிள்ளைகள் ஆங்கில வாக்கியத்தையும் அப்படித்தான் வாசிக்கிறார்கள், கடைசிச் சொல்லுக்காகக் காத்திருந்து. ஆனால் அங்கே முக்கியமான வினை நடுவில் எங்கோ போய்விட்டது. அதற்குப் பின்னால் வருவதெல்லாம் அதில் தொங்கும் வால். வாலைப் பிடித்துக்கொண்டு மாடு எங்கே என்று தேடுகிறார்கள்.

இதற்கு எனக்கு மருந்து கிடைத்தது ஆங்கிலப் புத்தகத்தில் இல்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் செய்யுள் படித்தோமே, அப்போது ஆசிரியர் என்ன செய்தார்? சீரைப் பிரித்தார். எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று கேட்டார். ஓரடியில் இருக்கும் சொல்லை இன்னோரடியில் இருக்கும் சொல்லோடு கொண்டுகூட்டினார். அதன் பிறகுதான் பொழிப்பு. விளங்காத ஒரு பாட்டை உடைத்துப் பொருள் எடுக்கும் வேலையை இந்தப் பிள்ளைகள் பதின்மூன்று பதினான்கு வயதிலிருந்து செய்திருக்கிறார்கள். ஆங்கிலம் என்றவுடன் அந்தக் கருவிப் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். இப்போது நான் கேட்பதும் அதைத்தான்: எழுவாய்க்கு வட்டம், பயனிலைக்குப் பெட்டி, மற்றதெல்லாவற்றையும் கையால் மறை. மறைத்த பிறகு மிஞ்சுவது மூன்று நான்கு சொல்தான். அது விளங்கினால் வாலை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டலாம்.

இதோடு இன்னொன்று. ஹவ்எவர், தேர்போர், அல்தோ, அன்லெஸ் என்று சில சில்லறைச் சொற்கள். பிள்ளைகள் இவற்றுக்குத் தமிழ் தேடுவதில்லை, எல்லாம் தெரிந்த சொல்தானே என்று. ஒரு வினாத்தாளில் ஒப்பந்தம் பற்றிய பந்தி வந்தது. 'அன்லெஸ்' என்ற ஒரு சொல்லைப் பாதிப் பேர் பார்க்காமல் கடந்து போனதால், பணம் கட்ட வேண்டியவர் வாங்க வேண்டியவராகிவிட்டார். பெரிய சொற்கள் தெரியாவிட்டால் ஏதோ தெரியவில்லை என்றாவது தெரியும். இந்தச் சின்னச் சொற்கள் அப்படியில்லை, தெரிந்தது போல நின்று கழுத்தறுக்கும்.

சரி, வாசித்தாயிற்று. இதற்குப் பிறகு வரும் கட்டம்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்காத கட்டம்: புத்தகத்தை மூடுவது. மூடிவிட்டு, என்ன வாசித்தாய் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொந்த மொழியில் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் படிப்பு என்று ஊறியவர்களுக்கு இது தண்டனை மாதிரி. அவர்களுக்கு நான் ஒரு கணக்குச் சொல்வேன். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு ஒரு பந்தியை இரண்டு தடவை படித்தது. மற்றது ஒரு தடவை படித்துவிட்டு, இரண்டாவது தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை படித்தவர்களே முன்னால்: 81 வீதம், மற்றவர்கள் 75. ஒரு கிழமை கழித்துச் சோதித்தவர்களிடம் கதை தலைகீழ். இரண்டு தடவை படித்தவர்களுக்கு 42 வீதம்தான் நினைவிருந்தது, நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56. "உங்கட பரீட்சை ஐந்து நிமிசத்திலயா, பிறகா?" என்று கேட்பேன். பரீட்சைக்கு முதல் நாள் இரவு படிக்கும் கூட்டம் ஒன்று பின்வாங்கில் இருந்து, "ஐந்து நிமிசத்தில மிஸ்" என்று பதில் சொல்லும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் சில நாட்கள் இருக்கின்றன. விலை நெகிழ்ச்சி, அதாவது விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பது பற்றிய பகுதி. புத்தகத்தில் விமானப் பயணச் சீட்டு உதாரணம், வகுப்பில் விமானம் ஏறியவர் ஒருவருமில்லை. புத்தகத்தை மூடச் சொன்னேன். கிண்ணியாப் பிள்ளை ஒருத்தி, வாப்பா மீன் வியாபாரம் செய்பவர், பக்கத்தில் இருந்தவளுக்கு இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சூடை மீன் விலை ஏறினா சனம் கீரி மீன வாங்கிட்டுப் போயிரும். வாப்பா அதுக்காகவே விலையக் கூட்டமாட்டார். ஆனா கருவாட்டுக்குப் போடுற உப்பு விலை ஏறினா என்ன செய்றது? வாங்கித்தானே ஆகணும்." மாற்றுப் பொருள் இருந்தால் நெகிழ்ச்சி கூட, இல்லாவிட்டால் குறைவு. இரண்டு பக்கம் எடுத்துப் புத்தகம் சொன்னதை நான்கு வசனத்தில் சொல்லி முடித்துவிட்டாள். விலை 10 வீதம் ஏற, வாங்கும் அளவு 20 வீதம் குறைந்தால் நெகிழ்ச்சி 2 என்ற கணக்கை அதற்குப் பிறகு போட்டோம். கணக்கு ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. பிறகு அதே நான்கு வசனத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். பிழைகள் இருந்தன, திருத்தக்கூடிய பிழைகள். சொல்ல ஒன்று இருந்ததால் எழுதவும் முடிந்தது.

ஆங்கில வகுப்பில் தமிழா என்று சக ஆசிரியர் ஒருவர் முகம் சுளித்தார். ஆங்கிலத்திலேயே யோசிக்கப் பழக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான்காம் வருடத்திலும் தமிழ் வழியாகச் சுற்றிக்கொண்டிருந்தால் வேகம் வராது. ஆனால் முதலாம் வருடப் பிள்ளையிடம் தமிழைப் பறித்துவிட்டு ஆங்கிலத்தில் யோசி என்றால் அவள் யோசிப்பதை நிறுத்திவிட்டு ஹைலைட்டரை எடுப்பாள். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

உண்மையைச் சொன்னால், இதையெல்லாம் நான் கண்டுபிடிப்பதற்கு முன்பே மாணவர்கள் தங்களுக்கென்று ஒன்றை வைத்திருந்தார்கள்: குப்பி. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பரீட்சைக்கு முன்னால், விளங்கிய ஒருவர் விளங்காத பத்துப் பேரை மரத்தடியிலோ ஹொஸ்டல் வராந்தாவிலோ உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பது. சொல்லைக் கேட்டால் எனக்கு மண்ணெண்ணெய் விட்ட குப்பி விளக்கு நினைவுக்கு வரும், மின்சாரம் இல்லாத வருடங்களில் அதில்தான் நான் சாதாரண தரம் படித்தேன். எங்கள் தலைமுறைக்கு அந்தச் சொல்லுக்கு வேறோர் அர்த்தமும் உண்டு, அதை விடுவோம். இந்தப் பிள்ளைகளுக்கு அது தெரியாமல் இருப்பதே நல்லது.

குப்பியை நாங்கள் விரிவுரையாளர்கள் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்து வந்தோம், வகுப்பில் தூங்கியவர்களுக்கான கடைசி நேர வைத்தியம் என்று. நன்னூலின் பாயிரத்தைத் திருப்பிப் பார்த்த நாளில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. 13ஆம் நூற்றாண்டுப் பவணந்தியார் கணக்கே போட்டு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் மாணவன் "காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்". கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மிச்ச அரைப் பங்கும் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறதாம். என் விரிவுரைக்குக் கால் பங்கு, குப்பி எடுக்கும் பிள்ளைக்கு அரைப் பங்கு. கவனிக்க வேண்டும், குப்பியைக் கேட்கும் பிள்ளைக்கு இல்லை, எடுக்கும் பிள்ளைக்கு. எங்கள் குப்பிகளில் உள்ள கோளாறும் இதுதான்: எப்போதும் ஒரே கெட்டிக்காரி எடுப்பாள், அவளே இன்னும் கெட்டிக்காரி ஆவாள்.

அதனால் இந்த அரையாண்டில் குப்பியை வகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டேன். நான்கு பேர் ஒரு குழு, ஆளுக்கு இரண்டு பக்கம், கிழமைக்குக் கிழமை முறை மாறும். முறை வந்தவர் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்டு மடக்க வேண்டும். எல்லாக் குழுவும் ஓடுகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு குழுவில் மூன்று பேர் போனில் கிரிக்கெட் பார்க்கிறார்கள், நான்காவது ஆள் சுவருக்குச் சொல்கிறார். பிடிஎஃப்பைக் கைத்தொலைபேசித் திரையில் மட்டும் வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே தெரிவதில்லை, போட்டோகொப்பி எடுக்கக் காசு இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. அதற்கு வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கிடையில் எனக்கும் ஒரு சோதனை வந்திருக்கிறது. அடுத்த அரையாண்டில் கணக்கீட்டுப் பிள்ளைகளும் என் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களுடைய புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தை நானும் வாசித்துப் பார்ப்போம் என்று வாங்கி வந்தேன். 41 பக்கம். உப்புவெளிக் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து 6 பக்கம் முடித்தேன். குட்வில் என்றால் நல்லெண்ணம் இல்லை, நன்மதிப்பு என்பதுவரை தேறினேன். டிஃபேர்ட் டக்ஸ் வந்த இடத்தில் நின்றுவிட்டேன். பிற்போட்ட வரி, சரி, யார் பிற்போட்டது, எதற்கு? எழுவாய்க்கு வட்டம் போட்டேன், பயனிலைக்குப் பெட்டி போட்டேன், மூடி வைத்துச் சொல்லிப் பார்த்தேன். கடல்தான் கேட்டது. பக்கத்தைப் பார்த்தால், எனக்கே தெரியாமல் நாலைந்து வரிக்கு மஞ்சள் பூசியிருக்கிறேன்.

மூன்றாம் வருடப் பிள்ளைகள் இருவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை நாலு மணிக்கு, கன்டீன் வாசலில் எனக்குக் குப்பி. பிளேன்டீயும் ரோல்ஸும் என் செலவு.